பத்திரமா இருக்கியா? - ஆறு ஸ்பானிஷ் சொற்களும் 1939-ம்

டிஸ்கி: இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆணி அதிகம் இருக்கறவங்க வார இறுதியில படிச்சுக்கலாம். ஸ்பானிஷ் சொற்களை முடிஞ்ச வரைக்கும் தமிழ் எழுத்துல எழுதியிருக்கேன். உச்சரிப்பு நூத்துக்கு நூறு வராது, மன்னிச்சுக்கங்க. ஆணுக்கு 'ஓ', பெண்ணுக்கு 'ஆ' விகுதி வரும். நான் எல்லா இடத்துலயும் 'ஓ'வே போட்டிருக்கேன்.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் சென்னையை ஒரு வழி பண்ணின நாள். வேளச்சேரியில எங்க அபார்ட்மெண்ட் கீழ்த்தளம் முழுக்க முழங்கால் அளவு தண்ணி. நாங்க இருக்கறது இரண்டாவது மாடி. கரண்ட் இல்ல. மொபைல்ல பதினோரு சதவீதம் சார்ஜ், ஒத்தைக் கோடு சிக்னல். அந்த நேரம் பார்த்து எங்க டீம்ல மெக்ஸிகோவுல உக்காந்து பொட்டி தட்டுற தோழி ஒருத்தங்க, செய்தியில சென்னையைப் பார்த்துட்டு, பத்திரமா இருக்கியான்னு ஸ்பானிஷ்ல கேட்டிருந்தாங்க.

நான் அப்போ ஆறு மாசமா ஸ்பானிஷ் கத்துக்கிட்டிருந்தேன். அந்த மிதப்புல, அகராதியில 'சேஃப்'க்கு முதல்ல போட்டிருந்த சொல்லை எடுத்து, "எஸ்தோய் செகூரோ"ன்னு பதில் தட்டினேன். நான் பத்திரமா இருக்கேன்னு சொன்னதா எனக்கு நினைப்பு.

உடனே பதில் வந்துச்சு: "செகூரோ தே கே?"

அதாவது, "எதைப் பத்தி உறுதியா இருக்க?" :-)

இடுப்பளவு தண்ணி ஊருக்குள்ள ஓடும்போது ஒருத்தன் "நான் உறுதியாக இருக்கிறேன்"னு அரசியல்வாதி மாதிரி பதில் சொன்னா வேற எப்படிக் கேப்பாங்க. செகூரோவுக்குப் பத்திரம்ங்கற அர்த்தமும் உண்டு. ஆனா ஒரு ஆள் 'எஸ்தோய் செகூரோ'ன்னு சும்மா சொன்னா, 'எனக்குச் சந்தேகமே இல்ல'ங்கறதுதான் முதல்ல காதுல விழும்.

தண்ணி வடிஞ்ச பிறகு, சரியான சொல் எதுன்னு அவங்க கிட்ட கேட்டேன். ஒண்ணு கேட்டா ஆறு வந்துச்சு. ஆ சால்வோ, அப்ரிகாதோ, ரெஸ்குவர்தாதோ, ப்ரொதெஹீதோ, அம்பாராதோ, அப்புறம் நம்ம செகூரோ. இதுல எதை எங்க போடறதுன்னு கேட்டா, "அது அகராதியில கிடைக்காது. 1939-ல ஸ்பெயின்ல இருந்து எங்க ஊருக்கு வந்தவங்க கதையைப் படி, தானா விளங்கும்"னு சொல்லிட்டாங்க.

படிச்சேன். சில மாசம் சனி ஞாயிறு எல்லாம் அதுலயே போச்சு. அவங்க சொன்னது சரிதான். ஆறு சொல்லும் ஒரே கூட்டத்து ஜனங்க மேல ஒண்ணு ஒண்ணா வந்து உக்காருது. ஒரு சொல் பொருந்துற நேரத்துல இன்னொண்ணு பொருந்த மாட்டேங்குது. அந்தக் கதையைத்தான் இங்க எழுதறேன்.

சுருக்கமா முன்கதை. 1936 ஜூலையில ஸ்பெயின் குடியரசுக்கு எதிரா ராணுவத் தளபதிகள் கிளர்ச்சி பண்ணாங்க. ஜெனரல் ஃபிராங்கோ அவங்களுக்குத் தலைமை ஆனார். ஹிட்லரும் முசோலினியும் அவருக்கு ஆயுதமும் ஆளும் கொடுத்தாங்க. கிட்டத்தட்ட மூணு வருஷ உள்நாட்டுப் போர். 1939 ஜனவரி 26-ஆம் தேதி பார்சிலோனா ஃபிராங்கோ படை கையில விழுந்துச்சு. குடியரசுப் பக்கம் இருந்தவங்களுக்கு மிச்சமிருந்த ஒரே வழி வடக்கே பிரான்ஸ் எல்லை.

1. ஆ சால்வோ

லத்தீன்ல 'சால்வுஸ்'னா சேதமில்லாத, முழுசா இருக்கற. அதுல இருந்து வந்தது இது. 'சானோ இ சால்வோ'ன்னு ஒரு ஜோடிச் சொல் உண்டு. நம்ம ஊர்ல பஸ்ஸை விட்டு இறங்கினதும் போன் போட்டு "நல்லபடியா வந்து சேர்ந்துட்டேன்"னு சொல்வோமே, கிட்டத்தட்ட அது.

'ஆ சால்வோ'வுக்கு ஒரு குணம் இருக்கு. அதுக்குப் பின்னாடி ஒரு ஆபத்து நின்னுட்டே இருக்கணும். எதுல இருந்து தப்பிச்சோம்ங்கறது சொல்லாமலே தொக்கி நிக்கும். வெள்ளம், தீ, துப்பாக்கி, ஏதோ ஒண்ணோட கைக்கு எட்டாத தூரத்துக்கு வந்தாச்சு. அவ்வளவுதான் அது சொல்ற சேதி. வந்து சேர்ந்த இடம் எப்படின்னு அது பேசாது.

1939 ஜனவரி 27 ராத்திரி பிரான்ஸ் தன் எல்லையைப் பெண்கள், குழந்தைகள், முதியவர்களுக்குத் திறந்துச்சு. தோத்துப் போன போர்வீரர்களுக்கு பிப்ரவரி 5-ஆம் தேதி வரைக்கும் கதவு திறக்கல. மூணு வாரத்துக்குள்ள ஐந்து லட்சத்தை நெருங்குற ஜனம் பிரனீஸ் மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போச்சு. குளிர்காலம். பெட்டி, மெத்தை, தையல் மெஷின்னு தூக்கிட்டு வந்ததை எல்லாம் வழியில போட்டுட்டு நடந்திருக்காங்க. மேலே விமானத்துல இருந்து குண்டு விழுந்துட்டு இருந்துச்சு.

எல்லைக் கம்பத்தைத் தாண்டின அந்த நிமிஷம் அவங்க எல்லாருமே ஆ சால்வோ. ஃபிராங்கோவோட துப்பாக்கி இனிமே எட்டாது. இந்தச் சொல்லை அவங்க கிட்ட இருந்து யாரும் பிடுங்க முடியாது. அடுத்த சொல்தான் கிடைக்கல.

2. அப்ரிகாதோ

அப்ரிகோன்னா ஸ்பானிஷ்ல குளிருக்குப் போடுற மேல்கோட்டு. அப்ரிகாதோன்னா கதகதப்பா போர்த்தி இருக்கறவன், இல்லாட்டி காத்து அடிக்காத மறைவான இடம். காத்துக்கு மறைவான துறைமுகத்தை மாலுமிகள் அப்ரிகாதோன்னுதான் சொல்வாங்க.

இந்தச் சொல்லோட பூர்வீகம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. லத்தீன்ல 'அப்ரிகாரே'ன்னா வெயில்ல சூடேத்திக்கறது. நம்ம பாட்டிங்க மார்கழிக் காலையில வாசல்ல உக்காந்து வெயில் காய்வாங்களே, சாட்சாத் அதேதான். வெட்ட வெளியில வெயிலுக்கு முதுகைக் காட்டி உக்காந்ததுக்கு இருந்த சொல், நாளாக ஆக கூரைக்கும் கோட்டுக்கும் வந்து சேர்ந்துடுச்சு. காரணம் லேசா யோசிச்சா புரியும். ரெண்டுலயும் உடம்பு கேக்கறது ஒண்ணுதான்: சூடு. அதனால அப்ரிகாதோ ஆபத்தைப் பத்தின சொல்லே இல்ல, குளிரைப் பத்தின சொல்.

எல்லை தாண்டின ஜனத்துல ஏராளமான பேரை பிரான்ஸ் அரசு கொண்டு போய் விட்ட இடம் ஆர்ஜெலெஸ் கடற்கரை. முகாம்னு பேரு. முதல் நாட்கள்ல அங்க இருந்தது மணல், கடல், சுத்தி முள்கம்பி, காவலுக்குத் துப்பாக்கியோட படையாட்கள். கொட்டகை கூட பிறகுதான் வந்துச்சு. 'த்ரமொந்தான்'னு ஒரு வாடைக்காத்து அந்தப் பக்கம் மலையில இருந்து இறங்கி நாள்கணக்குல அடிக்கும். ஜனங்க மணல்ல குழி தோண்டி, மேலே கம்பளியைப் போட்டு, உள்ள சுருண்டு படுத்திருக்காங்க. பிரெஞ்சு அரசாங்கத் தாள்கள்லயே இதுக்கு 'கான்சன்ட்ரேஷன் கேம்ப்'னுதான் அப்போ பேர் எழுதினாங்க. அந்தப் பேருக்கு இன்னைக்கு இருக்கற கனம் அப்போ இன்னும் வரல.

அப்போ அவங்க யாரு? ஆ சால்வோ, ஆனா அப்ரிகாதோ இல்ல. உசிர் தப்பியாச்சு, உடம்பு நடுங்குது.

அதே ஜனவரி கடைசியில எல்லை தாண்டினவர் கவிஞர் அந்தோனியோ மச்சாதோ. வயசு 63. எண்பதைத் தாண்டின தாயார், தம்பி ஹொசே கூட. முகாமுக்குப் போகாம, கொலியூர்ங்கற கடலோர ஊர்ல ஒரு சின்ன விடுதியில அவங்களுக்கு இடம் கிடைச்சுது. பிப்ரவரி 22-ஆம் தேதி அங்கயே இறந்து போனார். மூணு நாள் கழிச்சு அம்மாவும். கொஞ்ச நாளுக்கப்புறம் அண்ணனோட பழைய மேல்கோட்டுப் பையைத் தம்பி துழாவினப்போ கசங்கின காகிதம் ஒண்ணு கிடைச்சுது. அதுல இருந்தது சின்ன வயசு வெயிலைப் பத்தி ஒரு வரி.

கோட்டுப் பைக்குள்ள வெயில். அப்ரிகோவோட பூர்வீகத்தைத் தேடிட்டு இருந்தப்போ இதைப் படிச்சேன். புத்தகத்தை மூடி வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

3. ரெஸ்குவர்தாதோ

இதோட வேர் லத்தீன் இல்ல, ஜெர்மானிய மொழிக் குடும்பம். காவல் காக்கறதுன்னு அர்த்தம். ஆங்கில 'கார்டு'ம் இதே வேர்தான். ரெஸ்குவர்தாதோன்னா ஏதோ ஒண்ணுக்குப் பின்னாடி, ஒதுக்குப்புறமா, காத்தோ மழையோ கண்ணோ படாம வெச்சிருக்கறது. மழைக்குப் பொட்டிக்கடை ஓரமா ஒதுங்கி நிக்கிறோமே, அது இது. அப்ரிகாதோவுக்கும் இதுக்கும் வித்தியாசம் என்னன்னா, அதுல கதகதப்பு முக்கியம். இதுல நடுவுல ஒரு தடுப்பு இருக்கறது முக்கியம்.

ஆர்ஜெலெஸ்ல இருந்து கொஞ்ச தூரத்துல எல்ன்னு ஒரு சின்ன ஊர். அங்க பாழடைஞ்சு கிடந்த ஒரு மாளிகையை ஸ்விட்சர்லாந்துக்காரப் பெண் ஒருத்தங்க சரி பண்ணி, 1939 டிசம்பர்ல பிரசவ விடுதியா திறந்தாங்க. பேரு எலிசபெத் ஐடென்பென்ஸ். ஆசிரியை. அப்போ வயசு 26. (26 வயசுல நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு யோசிச்சேன். ப்ரொடக்ஷன் பக் ஃபிக்ஸ் பண்ணிட்டிருந்தேன்.) முகாம் மணல்ல பிறக்கற குழந்தை பிழைக்கறது ரொம்பக் கஷ்டமா இருந்த காலம். கர்ப்பிணிகளை முகாம்ல இருந்து கூட்டிட்டு வந்து, பிரசவம் பார்த்து, சில வாரம் தாயையும் பிள்ளையையும் வெச்சிருந்து அனுப்புவாங்க. 1944-ல ஜெர்மானியர்கள் இழுத்து மூடற வரைக்கும் அங்க 597 குழந்தைகள் பிறந்தாங்க. ஸ்பானியக் குழந்தைகள் மட்டுமில்ல, பிறகு யூதத் தாய்மாரோட குழந்தைகளும்.

சில வாரத்துக்கு மட்டும். ரெஸ்குவர்தாதோவோட எல்லை அது. மழை விடற வரைக்கும்தான் பொட்டிக்கடை ஓரம். அதுக்கப்புறம் எங்க போறதுன்னு அந்தச் சொல் கிட்ட பதில் இல்ல. ஆனா அந்தச் சில வாரம் இல்லாட்டி அந்த 597-ல எத்தனை பேருக்கு 'அதுக்கப்புறம்'னு ஒண்ணு இருந்திருக்கும்?

இடையில ஒரு சின்ன விஷயம். 'ரெஸ்குவர்தோ'ன்னா ஸ்பானிஷ்ல ரசீதுன்னும் அர்த்தம். பணம் கட்டினதுக்குக் கையில கொடுப்பாங்களே, அந்தத் துண்டுச் சீட்டு. 'செகூரோ'ன்னா இன்சூரன்ஸும் கூட. நம்ம பத்திரத்தைப் பாருங்க. "பத்திரமா வை"யும் பத்திரம், வீட்டுப் பத்திரமும் பத்திரம். தமிழ்ல ரெண்டும் வேற வேற வேர்: முதலாவது நலம்ங்கற அர்த்தமுள்ள வடசொல், இரண்டாவது இலை, ஏடுங்கற வடசொல். தமிழுக்கு வந்து ஒரே உருவம் ஆயிடுச்சு. தற்செயல்தான். ஆனா அகதி ஒருத்தர் கிட்ட கேட்டா தற்செயல்னு ஒத்துக்க மாட்டார். காகிதம் இருந்தாத்தான் பத்திரம்ங்கறது அவருக்குத் தெரிஞ்ச அளவுக்கு நமக்குத் தெரியாது.

4. ப்ரொதெஹீதோ

'ப்ரோ'ன்னா முன்னால, 'தெகெரே'ன்னா மூடறது. ஒருத்தர் முன்னால வந்து நின்னு மறைச்சுக்கறது. கூரை ஓட்டுக்கான ஸ்பானிஷ் சொல் 'தெஹா'வும் இதே குடும்பம். இந்தச் சொல்லுக்கு ஒரு பாதுகாவலர் தேவை. மணலோ சுவரோ போதாது, மனுஷன் வேணும், அவர் நம்மளை விட பலசாலியா இருக்கணும்.

1937 ஜூன்ல, போர் நடந்துட்டு இருக்கும்போதே, ஸ்பெயின்ல இருந்து 450-க்கும் மேற்பட்ட குழந்தைகள் 'மெஹீக்'ங்கற கப்பல்ல மெக்ஸிகோவோட வெராக்ரூஸ் துறைமுகத்துக்கு வந்து இறங்கினாங்க. மெக்ஸிகோ ஜனாதிபதி லாசரோ கார்தெனாஸ் அவங்களைத் தன் நாட்டோட பொறுப்புல ஏத்துக்கிட்டார். மொரேலியாங்கற ஊர்ல ஒரு உறைவிடப் பள்ளி. அந்த ஊர்ப் பேராலயே அவங்களை இன்னைக்கும் மொரேலியாவின் குழந்தைகள்னுதான் சொல்றாங்க.

அனுப்பி வெச்ச பெற்றோர்களுக்கு அது சில மாச ஏற்பாடு. போர் முடிஞ்சதும் திரும்பி வந்துடுவாங்கன்னு நினைப்பு. போர் முடிஞ்சப்போ குடியரசே இல்ல. உடனே உலகப் போர். பல பிள்ளைங்க அப்பா அம்மாவைத் திரும்பப் பார்க்கவே இல்ல. சோறு, படிப்பு, கட்டில் கிடைச்சுது. குண்டு விழல. அவங்களை ப்ரொதெஹீதோன்னு தாராளமா சொல்லலாம். ஆனா முன்னால வந்து நின்னு மறைச்ச கை அம்மாவோட கை இல்ல. இந்தச் சொல்லுக்குள்ள எப்பவும் கொஞ்சம் கடன் ஒட்டிட்டு இருக்குன்னு எனக்குத் தோணுது. பாதுகாக்கறவர் மேல, கீழ நாம.

5. அம்பாராதோ

(ப-வை 'அப்பா'வுல வர்ற மாதிரி அழுத்திச் சொல்லணும்.) இதை மொழிபெயர்க்க நான் ரொம்பத் திண்டாடினேன். ஆதரவு, அடைக்கலம், தஞ்சம் எல்லாம் பக்கத்துல வருது. இதோட எதிர்ச்சொல் 'தெசம்பாராதோ'. நாதியத்தவன். அதை வெச்சுப் பார்த்தா அம்பாராதோன்னா 'கேக்க நாதி உள்ளவன்'. இதை விடச் சரியான தமிழ் எனக்குச் சிக்கல.

ப்ரொதெஹீதோவுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அம்பாரோவுல சட்டம் இருக்கு. மெக்ஸிகோவுல 'அம்பாரோ'ன்னா ஒரு வழக்கோட பேரு. அரசாங்கமோ அதிகாரியோ உங்க உரிமையை மிதிச்சா, கோர்ட்டுக்குப் போய் அம்பாரோ கேக்கலாம். 1841-ல யுகதான் மாநில அரசியல் சட்டத்துல முதல்ல வந்து, 1847-ல நாடு முழுக்க ஆச்சு. 1931-ல ஸ்பெயின் குடியரசு தன் அரசியல் சட்டத்தை எழுதினப்போ இதை மெக்ஸிகோவைப் பார்த்து எடுத்துக்கிச்சு. சொல் ஸ்பெயின்ல இருந்து கடல் தாண்டிப் போச்சு. சட்டமா மாறித் திரும்பி வந்துச்சு. எட்டே வருஷத்துல அந்தக் குடியரசு போயிடுச்சு. அப்புறம் அதோட ஜனத்துக்கு அம்பாரோ கொடுக்க திரும்ப மெக்ஸிகோதான் வர வேண்டியிருந்துச்சு.

1940 ஜூன்ல ஹிட்லர் கிட்ட பிரான்ஸ் விழுந்துச்சு. விஷி நகர்ல மார்ஷல் பெத்தானோட அரசு உக்காந்துச்சு. ஸ்பானிய அகதிகளைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஃபிராங்கோ கேக்கறார், இந்தப் பக்கம் ஜெர்மானியர்கள். அந்த ஆகஸ்ட்ல மெக்ஸிகோ, விஷி அரசோட ஒரு ஒப்பந்தம் போட்டுச்சு. பிரான்ஸ்ல இருக்கற ஸ்பானிய அகதிகள் யாரா இருந்தாலும் நாங்க ஏத்துக்கறோம், கப்பல் ஏறற வரைக்கும் அவங்க மெக்ஸிகோ கொடியோட நிழல்ல இருப்பாங்க. ஒரு ஏழை நாடு, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டு சொன்ன வார்த்தை இது.

மார்செய் நகர்ல மெக்ஸிகோ தூதர் ஹில்பெர்தோ போஸ்கெஸ் ரெண்டு மாளிகைகளை வாடகைக்கு எடுத்தார். ஒண்ணு ஆண்களுக்கு, ஒண்ணு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும். மெக்ஸிகோ கொடி பறந்த அந்த இடங்கள்ல விசாவுக்கும் கப்பலுக்கும் காத்திருந்தாங்க. 1942 கடைசியில மெக்ஸிகோ விஷியோட உறவை முறிச்ச பிறகு, போஸ்கெஸையும் குடும்பத்தையும் தூதரக ஊழியர்களையும் ஜெர்மானியர்கள் பிடிச்சுக் கொண்டு போய் ஒரு வருஷத்துக்கு மேல வெச்சிருந்தாங்க. நிழல் கொடுத்தவரே வெயில்ல நின்னார்.

குடியரசோட கடைசி ஜனாதிபதி மனுவேல் அசாஞ்ஞா, மோந்தோபான்ங்கற ஊர்ல நோயாளியா கிடந்தார். அவரைப் பிடிச்சுட்டுப் போக ஆட்கள் சுத்திட்டு இருந்தாங்க. மெக்ஸிகோ தூதரகம் அங்க ஒரு ஓட்டல்ல அறைகள் எடுத்து அவரை வெச்சுக்கிச்சு. 1940 நவம்பர் தொடக்கத்துல அங்கயே இறந்தார். சவப்பெட்டி மேல குடியரசுக் கொடி போர்த்த விஷி அதிகாரிகள் அனுமதிக்கல. அதனால மெக்ஸிகோ கொடியைப் போர்த்திப் புதைச்சாங்க.

உயிர் போன பிறகும் ஒருத்தர் அம்பாராதோவா இருக்க முடியும். மத்த அஞ்சு சொல்லும் அங்க வந்து நிக்காது.

6. செகூரோ

கடைசியா நான் மாட்டிக்கிட்ட சொல். லத்தீன்ல 'சே'ன்னா இல்லாம, 'கூரா'ன்னா கவலை. செகூரோன்னா அடிப்படையில கவலையில்லாத. ஒரு இடத்தையோ பொருளையோ செகூரோன்னு சொன்னா நம்பி இருக்கலாம்னு அர்த்தம். ஆள் சொன்னா 'நிச்சயமா சொல்றேன்'. ரெண்டும் ஒரே சொல்லா இருக்கறதுல நியாயம் இருக்கு. நாளைக்கு என்ன ஆகும்னு நிச்சயமா தெரிஞ்சவனுக்குத்தானே கவலை இருக்காது? மத்த சொற்கள் பெரும்பாலும் இந்த நிமிஷத்தைப் பத்திப் பேசுது. இது நாளையைப் பத்திப் பேசுது.

அந்த ஐந்து லட்சம் பேருக்கு இந்தச் சொல் கிடைக்கவே இல்ல.

திரும்பிப் போகலாம்னா, 1939 பிப்ரவரி 9-ஆம் தேதி ஃபிராங்கோ ஒரு சட்டம் போட்டிருந்தார். 1934 அக்டோபர்ல இருந்தே குடியரசுப் பக்கம் அரசியல் பண்ணினவங்களை எல்லாம் பின்தேதியிட்டுக் குற்றவாளி ஆக்கற சட்டம். அப்படியிருந்தும் பாதிக்கும் மேல திரும்பிப் போனாங்க. முகாம் அப்படி இருந்துச்சு.

இருந்தவங்க? கத்தலோனியாவோட தலைவர் லுயீஸ் கொம்பாஞ்ஸ் மனநலம் குன்றிய தன் மகனைத் தேடிக்கிட்டு பிரான்ஸ்லயே தங்கிட்டார். 1940 ஆகஸ்ட்ல ஜெர்மானியர்கள் பிடிச்சு ஃபிராங்கோ கிட்ட கொடுத்தாங்க. அக்டோபர் 15-ஆம் தேதி பார்சிலோனாவுல மோன்ஜுயிக் கோட்டையில சுட்டுக் கொன்னாங்க. எல்லை தாண்டினப்போ அவரும் ஆ சால்வோதான்.

அதே ஆகஸ்ட்ல அங்கூலேம் ஊர் அகதி முகாம்ல இருந்து 927 ஸ்பானியர்களை ரயில்ல ஏத்தினாங்க, குடும்பம் குடும்பமா. ரயில் போய் நின்ன இடம் ஆஸ்திரியாவுல மவுத்ஹவுசன் வதைமுகாம். ஆண்களையும் 13 வயசு தாண்டின பையன்களையும் அங்க இறக்கிட்டு, பெண்களையும் சின்னக் குழந்தைகளையும் அதே ரயில்ல ஸ்பெயினுக்கு, ஃபிராங்கோ கிட்ட அனுப்பிட்டாங்க. மொத்தம் 7000-க்கும் மேற்பட்ட ஸ்பானியர்கள் மவுத்ஹவுசனுக்குப் போனாங்க. மூணுல ரெண்டு பங்கு ஆட்கள் உயிரோட வெளிய வரல. அவங்க சட்டையில தைச்சது நீல முக்கோணம். நாடற்றவர்கள்ங்கறதுக்கான நிறம் அது.

நாடற்றவன். தெசம்பாராதோவை அதிகாரிங்க மொழியில எழுதினா இப்படித்தான் வரும்.

மெக்ஸிகோ போனவங்க கதி பரவாயில்ல. 1939 ஜூன் 13-ஆம் தேதி 'சினாயா' கப்பல் சுமார் 1600 பேரோட வெராக்ரூஸ் வந்துச்சு. பயணத்துல தினசரிப் பத்திரிகை ஒண்ணு கூட கப்பல்லயே தயாரிச்சிருக்காங்க. (பதிவர்களே, நம்ம இனம் எல்லா இடத்துலயும் இருந்திருக்கு!) அடுத்தடுத்த வருஷங்கள்ல 20 ஆயிரத்துக்கும் மேல மெக்ஸிகோ வந்து சேர்ந்தாங்க. 1938-லயே வந்துட்ட தத்துவப் பேராசிரியர் ஹொசே காவோஸ், 'தெஸ்தெர்ராதோ'ங்கற சொல் தனக்குப் பொருந்தலைன்னார். அதுக்கு மண்ணை விட்டுப் பிடுங்கப்பட்டவன்னு அர்த்தம். தானே ஒரு சொல் உண்டாக்கினார்: 'த்ரான்ஸ்தெர்ராதோ'. ஒரு மண்ணுல இருந்து இன்னொரு மண்ணுக்கு மாறி நட்டவன். நாத்து பிடுங்கி நடறது தெரிஞ்ச நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஃபிராங்கோ அரசை மெக்ஸிகோ கடைசி வரைக்கும் அங்கீகரிக்கல. அவர் செத்த பிறகு, 1977-லதான் ஸ்பெயினோட திரும்ப உறவு வெச்சுக்கிச்சு.

சரி, நம்ம கதைக்கு வருவோம். இதெல்லாம் படிச்சு முடிச்சப்போ, 2023 டிசம்பர் 4 ராத்திரி எனக்குத் திரும்ப ஞாபகம் வந்துச்சு.

அன்னைக்கு நான் அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்ல "நம்ம பில்டிங்ல எல்லாரும் சேஃப்"னு ஒரு மெசேஜ் போட்டிருந்தேன். நாப்பது தம்ஸ்-அப் விழுந்துச்சு. ராத்திரி ஒன்பது மணி வாக்குல அம்மா மெழுகுவத்தியோட வெளிய எட்டிப் பார்த்துட்டு, "டேய், செக்யூரிட்டி அண்ணன் படிக்கட்டுல உக்காந்திருக்காருடா. சட்டை சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு"ன்னாங்க. கீழ இருந்த அவரோட அறை மதியமே முங்கிடுச்சு. மதியத்துல இருந்து முதல் மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவுல, நனைஞ்ச சட்டையோட அங்கயே உக்காந்திருக்கார். நானே ரெண்டு தடவை அவரைத் தாண்டிப் போயிருக்கேன். "பார்த்துப் போங்க தம்பி, வழுக்கும்"னு எனக்குச் சொன்னார். நான் தலையாட்டிட்டுப் போனேன்.

என் மெசேஜ் பொய் இல்ல. தண்ணிக்கு எட்டாத இடத்துலதான் இருந்தார். ஆ சால்வோ. மழை படாத படிக்கட்டு, ரெஸ்குவர்தாதோ. ஆனா அப்ரிகாதோ இல்ல. அம்மா அப்பாவோட பழைய வேட்டி சட்டையும் போர்வையும் கொடுத்து, ஹால்ல படுக்க வெச்சு, காஸ் அடுப்புல கஞ்சி வெச்சுக் கொடுத்தாங்க. அவர் வேலைக்கு நாம வெச்சிருக்கற பேரைப் பாருங்க: செக்யூரிட்டி. வேர் அதேதான். சே, கூரா. கவலையில்லாமை. நாப்பது வீட்டுக்கு அதைக் கொடுக்கறவர் நனைஞ்சு போய் படிக்கட்டுல இருந்தார்.

மெக்ஸிகோ தோழி கிட்ட நான் சொல்லியிருக்க வேண்டியது "எஸ்தோய் ஆ சால்வோ". இப்போ தெரியும். அதோட இன்னொண்ணும் தெரிஞ்சுது. "பத்திரமா இருக்கியா"ங்கறது ஒரு கேள்வி இல்ல, ஆறு கேள்வி. எதுல இருந்து தப்பிச்ச? குளிருதா? மறைவா இடம் இருக்கா? யார் பார்த்துக்கறா? கேக்க நாதி இருக்கா? நாளைக்கு என்ன? முதல் கேள்விக்குப் பதில் வந்ததும் நாம போனை வெச்சுடறோம்.

போன மழைக்கு வாட்ஸப் குரூப்ல நான் 'சேஃப்'னு போடல. "யாருக்காவது போர்வை வேணுமா?"ன்னு போட்டேன். பதில் மூணு வந்துச்சு.

உங்க ஊர்ப் பக்கம் இதுக்கெல்லாம் என்னென்ன சொல் புழங்குதுன்னு சொல்லிட்டுப் போங்க மக்களே. ஒதுக்கு, நிழல், தஞ்சம், அண்டி இருக்கறதுன்னு நான் ஒரு பட்டியல் போட்டு வெச்சிருக்கேன். அதுல அம்பாராதோ மட்டும் இன்னும் சரியா உக்கார மாட்டேங்குது.